ஒரு பிரதி குறைவு: 'டப்ளினர்ஸ்' கதைகளும் அவற்றைப் படித்தவர்களும்

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் ஊரான டப்ளினைப் பற்றி எழுதிய 'டப்ளினர்ஸ்' சிறுகதைத் தொகுப்பு 1914 ஜூன் 15 அன்று லண்டனில் வெளியானது. மொத்தம் 15 கதைகள், 1250 பிரதிகள். முதல் 500 பிரதிகளுக்கு ராயல்டி கிடையாது, எழுதியவரே 120 பிரதிகளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். கணக்கு வந்தபோது விற்றிருந்தது 499. ஒரே ஒரு பிரதி கூடியிருந்தால் ராயல்டி இல்லாத அந்த 500 முடிந்திருக்கும். ஜாய்ஸ் தன் தலையில் ஏற்றுக்கொண்ட 120ஐக் கழித்தால் மிஞ்சுவது 379.

இந்தக் கணக்கை வைத்து, வாசகர்கள் கண்டுகொள்ளாத புத்தகம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பிருந்தே ஆட்கள் இந்தக் கதைகளைப் படித்துக் கோபப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மதிப்புரை எழுதுகிற ஆட்கள் இல்லை அவர்கள். விவசாயப் பத்திரிகைச் சந்தாதாரர்கள், அச்சகத்துக்காரர்கள், வழக்குக்குப் பயந்த பதிப்பாளர்கள். பின்னால் வந்த பல ஆராய்ச்சிகளைவிட அவர்களுடைய எரிச்சல்தான் இந்தக் கதைகளின் நரம்பைச் சரியாகத் தொட்டது என்று எனக்குத் தோன்றும்.

முதலில் விவசாயப் பத்திரிகை. 1904இல் ஜாய்ஸுக்கு 22 வயது, கையில் காசில்லை. கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எளிமையாக, கொஞ்சம் கிராமத்து வாசனையோடு, கொஞ்சம் உருக்கத்தோடு, வாசகர்கள் முகம் சுளிக்காத மாதிரி ஒரு கதை தர முடியுமா, ஒரு பவுண்டு கிடைக்கும், எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று. பத்திரிகையின் பெயர் 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்'. அயர்லாந்தின் விவசாயக் கூட்டுறவு இயக்கம் நடத்திய வார இதழ். பால் பண்ணைச் சாமான் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் கதை வரும். ஜாய்ஸ் 'ஸ்டீஃபன் டெடலஸ்' என்ற புனைபெயரில் மூன்று கதைகள் கொடுத்தார். 'சகோதரிகள்' ஆகஸ்ட் 13, 'ஈவ்லின்' செப்டம்பர் 10, 'பந்தயத்துக்குப் பின்' டிசம்பர் 17. அதற்குள் ஊரிலிருந்தும் நகரத்திலிருந்தும் புகார்க் கடிதங்கள் வந்து சேர, இனி கதை வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த வாசகர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கையில் வந்த கதையை யோசித்துப் பாருங்கள். ஒரு பாதிரியார் செத்துப்போகிறார். அவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார், என்ன தப்பு என்று சொல்லப்படவில்லை. கத்தோலிக்கக் கிராமத்தில், வாரக் கடைசியில், வெண்ணெய் விலைக்குப் பக்கத்தில் இதைப் படித்தால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். உருக்கம் கேட்டார்கள், சந்தேகம் கிடைத்தது.

அப்புறம் அச்சகம். 1906இல் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் புத்தகத்தைப் போட ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் அப்போது ஆபாச வழக்கு வந்தால் எழுதியவரும் பதிப்பாளரும் மட்டும் மாட்டுவதில்லை, அச்சடித்தவரும் சேர்ந்து குற்றவாளி. அதனால் அச்சகத்துக்காரர் ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். 'இரண்டு கனவான்கள்' கதையை அடிக்கவே முடியாது என்றார். வேறொரு கதையில் 'பிளடி' என்ற வசைச்சொல் இருக்கிறது, அது போகவேண்டும் என்றார்.

ஜாய்ஸ் செய்த பதில்தான் வேடிக்கை. இந்தச் சொல் இங்கே மட்டுமா இருக்கிறது, இன்னின்ன கதைகளிலும் வருகிறதே, அதையெல்லாம் எப்படி விட்டீர்கள் என்று அவரே எடுத்துக் காட்டினார். சொல்லை எண்ணிக்கொண்டிருந்தவர் 'ஒரு சந்திப்பு' கதையைக் கவனிக்கவே இல்லை என்பதையும் போட்டுக்கொடுத்தார். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள் வெளியிடத்தில் ஒரு விபரீதமான ஆளிடம் மாட்டிக்கொள்ளும் கதை அது. தொகுப்பிலேயே ஆபத்தான கதை. அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, அதனால் தப்பிவிட்டது. பதிப்பாளர் அதைத் திரும்பப் படித்துப் பார்த்தார், அதுவும் கூடாது என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொள்வது என்பது இதுதான். (1914 ஏப்ரலில், 'டப்ளினர்ஸ்' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் ஒரு நடிகை லண்டன் மேடையில் அதே 'பிளடி'யைச் சொன்னார். அரங்கம் சிரித்துத் தீர்த்தது.)

அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் விஷயங்களை ஜாய்ஸ் சொன்னார். டப்ளின் தன் நாட்டு முடக்குவாதத்தின் மையம். குழந்தைப் பருவம், இளமை, முதிர்ச்சி, பொதுவாழ்க்கை என்று நான்காகப் பிரித்து எழுதியிருக்கிறேன். நடை கறாரான கஞ்சத்தனத்தோடு இருக்கும். கதைகளைச் சுற்றிக் குப்பைக்குழி நாற்றம் வீசினால் அது என் குற்றமில்லை, நன்றாகத் துடைத்த கண்ணாடியில் அயர்லாந்துக்காரர்கள் தங்களை ஒரு தடவை பார்த்துக்கொள்வதை நீங்கள் தடுக்கிறீர்கள். இவையெல்லாம் இலக்கியக் கொள்கையாகப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டன. எழுதப்பட்டபோது அவை அச்சகத்துக்காரரின் ஆட்சேபத்துக்குச் சொன்ன சமாதானம், அவ்வளவுதான். அந்த வாசகர் முரண்டு பிடிக்காமல் இருந்திருந்தால் இதில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

ரிச்சர்ட்ஸ் அந்த வருஷமே பின்வாங்கினார். 1909இல் டப்ளினிலேயே மான்செல் என்ற பதிப்பகம் ஒப்பந்தம் போட்டது. அதை நடத்தியவர் ஜார்ஜ் ராபர்ட்ஸ். இங்கே பயம் வேறு மாதிரி. 'கமிட்டி அறையில் ஐவி தினம்' கதையில் ஏழாம் எட்வர்ட் மன்னரைப் பற்றியும் அவருடைய அம்மா விக்டோரியாவைப் பற்றியும் வாக்குச் சேகரிக்கும் ஆட்கள் கொச்சையாகப் பேசிக்கொள்வார்கள். அதை எடுக்கச் சொன்னார்கள். ஜாய்ஸ் 1911இல் எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கே அந்தப் பகுதியை அனுப்பி, உங்கள் தந்தையின் நினைவுக்கு இது இழுக்கா என்று கேட்டார். இம்மாதிரி விஷயங்களில் மன்னர் கருத்துச் சொல்வது வழக்கமில்லை என்று செயலாளர் பதில் போட்டார். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அரண்மனையிலிருந்து வந்த வாசகர் கடிதம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ராபர்ட்ஸின் பெரிய கவலை மன்னர் இல்லை, சாராயக் கடைகள். ஜாய்ஸ் டப்ளினின் தெருக்களையும் கடைகளையும் நிஜப் பெயரோடு எழுதியிருந்தார். டேவி பர்ன்ஸ், ஸ்காட்ச் ஹவுஸ், பூல்பெக் தெரு மல்லிகன்ஸ் எல்லாமே இருந்த கடைகள். ஒரு கதையில் ரயிலில் அடிபட்டு ஒரு பெண் இறக்கிறாள், ரயில் நிலையமும் நிஜம். நாளைக்கு ஒவ்வொருவரும் மானநஷ்ட வழக்குப் போட்டால் யார் கட்டுவது? பெயர்களை மாற்று என்றார் ராபர்ட்ஸ்.

ஜாய்ஸுக்குப் பெயர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 1905இல், அயர்லாந்தை விட்டுப் போய்க் குடியிருந்த ட்ரியஸ்டே நகரில் உட்கார்ந்துகொண்டு டப்ளினில் இருந்த தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு எழுதிய கடிதத்தில் கேள்விகளாக அடுக்குகிறார். பாதிரியாரை அங்கியோடு அடக்கம் செய்வார்களா? இன்னின்ன தெருக்கள் அந்த வார்டில்தான் வருகின்றனவா? நகரசபைத் தேர்தல் அக்டோபரில் நடக்குமா? சிட்னி பரேட் ரயில் நிலையத்தில் விபத்து என்றால் நகர ஆம்புலன்ஸ் வருமா, எந்தப் போலீஸ் பிரிவு வரும்? இவ்வளவு பார்த்து வைத்த மனிதரிடம் போய், கடைப் பெயரை மாற்று என்றால்?

ஆனாலும் சில இடங்களில் விட்டுக்கொடுக்க முன்வந்தார். கொடுக்கக் கொடுக்கக் கோரிக்கை நீண்டது. 1912இல் நேரில் டப்ளினுக்கே வந்து மல்லுக்கட்டிப் பார்த்தார். கடைசியில், அச்சடித்த ஃபாரங்களையாவது (இன்னும் புத்தகமாகக் கட்டாத தாள்கள்) விலைக்குக் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். அச்சகத்தின் சொந்தக்காரர் ஜான் ஃபால்கனர் அதற்கும் மறுத்து, எல்லா ஃபாரங்களையும் அழித்துவிட்டார். எரித்தார்கள் என்றார் ஜாய்ஸ், வெட்டித்தான் போட்டார்கள் என்றார் ராபர்ட்ஸ். கையில் மிஞ்சியது ஒரு செட் புரூஃப். அதை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அதற்குப் பிறகு அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. போகிற வழியில் ராபர்ட்ஸையும் ஃபால்கனரையும் திட்டி ஒரு வசைப்பாட்டு எழுதி அச்சிட்டு ஊருக்கு அனுப்பினார். அதைப் படித்த அவருடைய அப்பாவே, இவன் சரியான போக்கிரி என்று சொன்னாராம்.

1914இல் அதே ரிச்சர்ட்ஸ் மனம் மாறிப் புத்தகத்தைப் போட்டார். வழக்கு எதுவும் வரவில்லை. மதிப்புரைகள் வந்தன. லண்டன் டைம்ஸின் இலக்கிய இணைப்பு, சோகையான விஷயங்களை ரசிக்கும் பெருங்கூட்டத்துக்குச் சிபாரிசு செய்யலாம், எழுத்து அருமை என்றது. பாராட்டா குத்தலா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் ஜெரால்ட் கூல்ட், பெயர் தெரியாத ஒருவரை மேதை என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும், இருந்தாலும் இவர் மேதைதான் என்று துணிந்து எழுதினார்.

நின்று பார்க்க வேண்டியது அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 'ஈகோயிஸ்ட்' இதழில் எழுதியது. ஜாய்ஸின் உரைநடை தெளிவானது, கெட்டியானது, அசடு வழியாதது என்று புகழ்ந்துவிட்டு ஒன்று சொல்கிறார்: உள்ளூர்ப் பெயர்களையும் சில உள்ளூர்க் குறிப்புகளையும் அழித்துவிட்டு வேறு பெயர்களைப் போட்டால் இந்தக் கதைகள் எந்த நகரத்துக்கும் பொருந்தும். ராபர்ட்ஸ் பயத்தில் கேட்டதும் பவுண்ட் பெருமையாகச் சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். ஒருவர் பெயரை எடு என்றார், இன்னொருவர் எடுத்தாலும் பரவாயில்லை என்றார். பவுண்ட் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் ராபர்ட்ஸ்தான் கதைகளைச் சரியாகப் படித்தவர் என்பேன். பூல்பெக் தெருவை எடுத்துவிட்டால் இவை நல்ல கதைகளாக இருக்கும். இருந்தால்தான் டப்ளின்காரனுக்குச் சுருக்கென்று குத்தும்.

சரி, நூறு வருஷம் தாண்டி இன்று எடுத்துப் படிக்கிறவருக்கு 'பிளடி' ஒரு பொருட்டில்லை, கடைக்காரர் வழக்கும் கிடையாது. இப்போதைய குறை வேறு: ஒன்றுமே நடக்கவில்லையே, கதை முடியவே இல்லையே. நான் இந்தத் தொகுப்பை இரவல் கொடுத்த நண்பர் ஒருவர், "எல்லாக் கதையும் நம்ம ஸ்டாப்புக்கு முந்தியே இறக்கிவிட்டுட்டுப் போயிடுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இதைவிடக் கச்சிதமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஜாய்ஸ் முதல் கதையிலேயே டிக்கெட்டைக் கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் ஏற்றுகிறார்.

'சகோதரிகள்' கதையின் ஆரம்பத்தைப் பாருங்கள். கதை சொல்லும் பையன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறான். அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பாதிரியார் இறந்துவிட்ட செய்தி அப்போதுதான் வந்திருக்கிறது. காட்டர் என்ற கிழவர் கணப்பருகே உட்கார்ந்து சுங்கான் பிடித்தபடி, அவர் அப்படி ஒன்றும்... ஆனால் ஏதோ ஒரு விசித்திரம்... என்று இழுக்கிறார். எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் அந்த மாதிரி ஆளோடு பழகுவது நல்லதில்லை என்கிறார், ஏன் என்று கேட்டால் மறுபடி இழுக்கிறார். பையன் கோபத்தை வெளியில் காட்டாமல் இருக்க வாய் நிறைய ஓட்ஸ் கஞ்சியை அடைத்துக்கொள்கிறான். அப்புறம் இருட்டில் படுத்துக்கொண்டு, கிழவர் முடிக்காமல் விட்ட வாக்கியங்களில் என்ன அர்த்தம் என்று மண்டையைக் குடைந்துகொள்கிறான்.

அந்தப் பையன் செய்வதைத்தான் அடுத்த 14 கதைகளிலும் நாம் செய்யப்போகிறோம். முதல் பத்தியிலேயே அவன் காதில் விசித்திரமாக ஒலிக்கும் மூன்று சொற்கள் வருகின்றன. ஒன்று முடக்குவாதம். ஒன்று புனிதப் பதவிகளைக் காசுக்கு விற்கும் பாவத்தின் பெயர். மூன்றாவது 'நோமன்', யூக்ளிட் வடிவியலில் வருவது. இணைகரத்தின் ஒரு மூலையில் அதே வடிவில் சின்ன இணைகரம் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சும் உருவம் அது. பார்த்தால் எந்தத் துண்டு இல்லை என்பது கண்ணில் உறுத்தும். விவசாயப் பத்திரிகையில் வந்த பழைய வடிவத்தில் இந்த மூன்று சொற்களும் இல்லை. பிறகு திருத்தும்போது சேர்த்திருக்கிறார். புகார்க் கடிதம் எழுதியவர்களுக்குச் சாவி இல்லாத பூட்டுதான் கிடைத்தது என்று சொல்லலாம்.

அந்தப் பாதிரியார் என்னதான் செய்தார்? கதைக்குள் கிடைப்பது: திருப்பலிக் கிண்ணம் ஒன்றை உடைத்திருக்கிறார், ஒரு ராத்திரி இருட்டில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் (பாவங்களைப் பாதிரியாரிடம் சொல்லும் சின்ன அறை) தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முந்தைய தலைமுறை வாசகர்கள் பெரும்பாலும் இதை விசுவாசம் உடைந்த மனிதரின் கதையாகப் படித்தார்கள். 1990களிலிருந்து அயர்லாந்தில் பாதிரியார்கள் குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகள் வெளிவந்தன, 2009இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் வந்தது. அதற்குப் பிறகு படிக்கிறவர்களுக்குக் காட்டர் கிழவர் இழுத்து இழுத்துச் சொல்லாமல் விட்டது வேறு மாதிரிக் கேட்கிறது. கதையில் ஒரு எழுத்து மாறவில்லை. அதே ஓட்டைக்குள் வேறு துண்டு போய்ப் பொருந்துகிறது. அது சரியான துண்டுதானா என்று கதை சொல்லாது.

இந்த உத்தி உச்சத்துக்குப் போகும் கதை என்று நான் 'களிமண்'ணைத்தான் சொல்வேன். மரியா என்ற வயதான, கல்யாணமாகாத, சின்ன உருவமுள்ள பெண் ஒரு சலவைக் கூடத்தில் சமையலறை வேலை பார்க்கிறாள். ஹாலோவீன் ராத்திரியில், தான் வளர்த்த பையன் ஜோவின் வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போகிறாள். அங்கே ஐரிஷ் குடும்பங்களில் விளையாடும் ஒரு விளையாட்டு. கண்ணைக் கட்டிவிட்டுத் தட்டுகளின் முன்னால் நிறுத்துவார்கள். மோதிரம் கையில் பட்டால் கல்யாணம், ஜெபப் புத்தகம் என்றால் கன்னிமடம், தண்ணீர் என்றால் கடல் தாண்டிய பயணம், களிமண் என்றால் சாவு. களிமண்ணை நல்ல வீட்டில் வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் குறும்புக்கு வைத்துவிடுகிறார்கள். மரியாவின் விரலில் ஏதோ மெத்தென்று ஈரமாகப் படுகிறது. அறையில் சத்தமில்லை. அப்புறம் குசுகுசுப்பு. வீட்டுக்காரி யாரையோ அதட்டுகிறாள், அதைத் தூக்கி வெளியே போடு என்கிறாள். இந்தத் தடவை எதுவோ தப்பாகிவிட்டது என்று மரியாவுக்குப் புரிகிறது. மறுபடி ஆடுகிறாள், ஜெபப் புத்தகம் வருகிறது.

'களிமண்' என்ற சொல் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. கதைக்குள் ஒரு இடத்திலும் கிடையாது. மரியாவின் கண் கட்டியிருக்கிறது, நம் கண்ணும் கட்டியிருக்கிறது என்று விமரிசகர் மார்கோ நோரிஸ் 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். கதை முழுவதும் எல்லாம் 'நல்லா' இருக்கிறது: நல்ல மனுஷர்கள், நல்ல கேக், நல்ல சாயங்காலம். மரியா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஆசைப்படும் மொழியிலேயே கதை எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு இது ஒத்துப்போகிறது. கடைசியில் மரியா ஒரு பழைய பாட்டைப் பாடுகிறாள். இரண்டாவது சரணத்துக்குப் பதில் முதல் சரணத்தையே திரும்பவும் பாடிவிடுகிறாள். விட்டுப்போன சரணத்தில் பெண் கேட்டு வந்து மண்டியிடும் வீரர்கள் வருவார்கள். தப்பை யாரும் சொல்லவில்லை என்று மட்டும் கதை சொல்கிறது. பாட்டு தெரிந்த 1914 வாசகருக்குத் தொண்டை அடைத்திருக்கும். பாட்டு தெரியாத நமக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது, அடிக்குறிப்பு படித்து யாருக்கும் தொண்டை அடைப்பதில்லை. இந்தத் தொகுப்பை இன்று படிப்பதில் உள்ள நிஜமான சிரமம் இதுதான்.

'ஈவ்லின்' விஷயத்தில் வாசகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குடிகார அப்பாவிடம் சம்பளத்தை அப்படியே கொடுத்து வாழும் 19 வயதுப் பெண், மாலுமி ஃபிராங்கோடு தென் அமெரிக்காவில் இருக்கும் ப்யூனஸ் அயர்ஸுக்கு ஓடிப்போக முடிவு செய்து, கப்பல் ஏறும் நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். நிறையப் பேர் இதை, கதவு திறந்தும் வெளியேற முடியாதவளின் சோகமாகப் படிக்கிறார்கள். விமரிசகர் ஹ்யூ கென்னர் ஒரு குண்டைப் போட்டார். அவள் நின்ற நார்த் வால் துறையிலிருந்து போகும் கப்பல் ப்யூனஸ் அயர்ஸுக்கா போகும், இங்கிலாந்தின் லிவர்பூலுக்குத்தானே போகும்? ஃபிராங்க் புளுகன், அவளைக் கூட்டிப்போய்க் கைவிடத்தான் திட்டம் என்றார். லிவர்பூலில் இறங்கி வேறு கப்பல் மாறித்தானே எல்லோரும் போனார்கள் என்று எதிர்க்கட்சி. இரண்டையும் படித்துவிட்டு நான் கதைக்குத் திரும்பிப் போனால் ஃபிராங்கைப் பற்றி அங்கே இருப்பதெல்லாம் ஈவ்லின் கேள்விப்பட்டது மட்டும்தான். அவளுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கு ஒரு துளி கூடக் கிடையாது.

ஜாய்ஸே தன் கதைகளைப் பற்றி ஒரு புகார் வைத்திருந்தார். 1906 செப்டம்பரில் ரோமிலிருந்து தம்பிக்கு எழுதும்போது, அயர்லாந்தை நினைத்தால் நான் தேவையில்லாமல் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது, அதன் விருந்தோம்பலை எங்குமே கொண்டுவரவில்லை என்கிறார். அடுத்த வருஷம் 'இறந்தவர்கள்' எழுதினார். வாத்து வறுவலும் மாட்டிறைச்சியும் பாட்டும் நடனமுமாக ஒரு பெரிய விருந்து. தொகுப்பில் எல்லோருக்கும் பிடித்த கதை அதுதான், ஜான் ஹூஸ்டன் 1987இல் படமாகவும் எடுத்தார். அந்த விருந்து நடக்கும் வீடு ஜாய்ஸுடைய பாட்டியின் சகோதரிகள் வாழ்ந்த வீடு, டப்ளினில் அஷர்ஸ் ஐலண்ட் என்ற தெருவில் 15ஆம் எண். 2019இல் அதைத் தங்கும் விடுதியாக்கத் திட்டம் வந்தபோது எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூட்டாகக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். அதற்கு முன்பே, 2012இல், ஊரே ஒரு புத்தகத்தைப் படிக்கும் ஏற்பாட்டுக்கு டப்ளின் தேர்ந்தெடுத்தது 'டப்ளினர்ஸை'. ஃபாரங்களை அழித்துச் சரியாக 100 வருஷம்.

பூல்பெக் தெரு மல்லிகன்ஸும் இன்னும் இருக்கிறது. கதையைப் படித்துவிட்டு அந்தக் கடையைத் தேடிப்போகிறவர்கள் உண்டு. 'பிரதிகள்' கதையில் நகல் எழுதும் குமாஸ்தா ஃபாரிங்டன் அங்கேதான் கடிகாரத்தை அடகு வைத்த காசின் மிச்சத்தைக் குடித்து, ஒரு பொடியனிடம் கை மடக்கும் பந்தயத்தில் இரண்டு தடவை தோற்கிறான். மல்லிகன்ஸிலிருந்து கிளம்பி டிராம் பிடித்து வீட்டுக்குப் போகிறான். மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள், அடுப்பு அணைந்திருக்கிறது. கைத்தடியை எடுத்து மகனை விளாசுகிறான். பையன் கையைக் கூப்பிக்கொண்டு, "அடிக்காதீங்கப்பா, உங்களுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்றேன்" என்கிறான்.